கண்காணிப்புக் கிணறு: கருமணல் ஊர்களுக்கு ஓர் அரிச்சுவடி

கன்னியாகுமரி மாவட்டத்தில், கருங்கல் ஊருக்குத் தெற்கே ஏதோ ஒரு விளையில், இரண்டு தென்னைகளுக்கு நடுவே, முழங்கால் உயரத்துக்கு ஒரு குழாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையில் இரும்பு மூடி, மூடிக்கு ஒரு பூட்டு, அடியில் சின்னதாக ஒரு சிமென்ட் மேடை. மோட்டாரும் இல்லை, மின்கம்பியும் இல்லை. சாயங்காலத்துக்குள் டீக்கடையில் அதுதான் பேச்சாக இருக்கும். "குழாய் போட்டாச்சு. இனி மண்ணு எடுக்க வந்திருவானுவ, இல்லியா மக்களே?" என்று ஒரு பாட்டா கேட்பார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு வேறொரு கவலை: "நம்ம கெணத்து வெள்ளத்த அது வலிச்சுக்கிடுமா?"

அக்காவின் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. வலிக்காது, அதாவது இழுத்துக்கொள்ளாது. பாட்டாவின் கேள்விக்கு அவ்வளவு சுலபமாகப் பதில் சொல்லிவிட முடியாது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவருக்காகத்தான்.

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நம் கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், சில்லிமனைட் என்று பல கனிமங்கள் கலந்து கிடக்கின்றன. இவற்றோடு, தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் உள்ள மோனசைட்டும் இருக்கிறது. மணவாளக்குறிச்சியிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் ஷோம்பெர்க் என்ற வேதியியலாளர் மோனசைட்டைக் கண்டது 1909-இல். கயிறு வாங்கப் போனவனுக்கு மணல் அகப்பட்ட கதை அது. இன்று அங்கே மணல் ஆலை நடத்துவது ஒன்றிய அரசின் அணுசக்தித் துறையின் கீழ் வரும் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம். கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு கிராமங்களில் சுமார் 1,144 ஹெக்டேர் பரப்பில் மணல் எடுக்கும் திட்டம் அந்த நிறுவனத்துடையது. அதற்காக 2024 அக்டோபர் 1-ஆம் தேதி நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் மக்கள் எதிர்ப்பால் தள்ளிப்போனது. 2025 செப்டம்பரில், அணுக் கனிமச் சுரங்கத் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவல் குறிப்பாணை போட்டது. இவ்வளவும் நடந்த ஊரில் புதிதாக ஒரு குழாய் தென்பட்டால் ஆட்கள் கூடிப் பேசத்தான் செய்வார்கள்.

முதலில் குழாயைப் பார்ப்போம்.

இரண்டு வகைத் துளைகள்

சுரங்கப் பேச்சு உள்ள ஊரில் நிலத்தில் இரண்டு விதமாகத் துளை போடுவார்கள். இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

ஒன்று, ஆய்வுத் துளை. எந்த ஆழத்தில் எவ்வளவு தாது இருக்கிறது என்று பார்ப்பதற்கானது. துளைக் கருவியை இறக்கி, ஆழம் வாரியாக மணலைப் பையில் கட்டி, எண் எழுதி, எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது மணல். துளை மூடிப்போகும், பிறகு அதை யாரும் தேடி வரமாட்டார்கள்.

மற்றொன்று கண்காணிப்புக் கிணறு. பொறியாளர்கள் பைசோமீட்டர் என்பார்கள். இங்கே வேண்டியது துளைதான், அதிலிருந்து வந்த மண்ணை ஓரமாகக் கொட்டிவிடுவார்கள். துளைக்குள் ஒரு பி.வி.சி. குழாயை இறக்குவார்கள். குழாயின் அடிப்பகுதியில் மட்டும் மெல்லிய கீறல்கள் இருக்கும், தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். கீறல் உள்ள பகுதியைச் சுற்றிச் சிறு சரளைக்கல் நிரப்புவார்கள். அதற்கு மேலே, நனைந்தால் உப்பிக்கொள்ளும் பென்டோனைட் என்ற களிமண்ணை இட்டு அடைப்பார்கள். அதற்கும் மேலே சிமென்ட். மேலடுக்கு நீரோ மழைநீரோ குழாயின் ஓரமாக இறங்கி அடியிலுள்ள நீரோடு கலந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இத்தனை அடைப்பும். கலந்தால் எந்த அடுக்கின் நீரை அளக்கிறோம் என்றே தெரியாமல் போய்விடும்.

ஆகவே பூட்டிய மூடியும் சிமென்ட் மேடையும் இருந்தால் அது அநேகமாகக் கண்காணிப்புக் கிணறு. யாராவது வந்து, நுனி தண்ணீரைத் தொட்டதும் ஒலிக்கிற ஒரு நாடாவை இறக்கி ஆழத்தைக் குறித்துக்கொண்டு போவார்கள். சில குழாய்களுக்குள் தானாகவே அளந்து, கைப்பேசி அலைவரிசை வழியாக அனுப்பும் கருவி தொங்கும். மாதிரி எடுக்கும்போது மட்டும், குழாய்க்குள் தேங்கிக் கிடந்த பழைய நீரை, அதன் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு அளவுக்காவது வெளியேற்றிவிட்டு, புதிதாக ஊறி வருவதைப் புட்டியில் பிடிப்பார்கள். உங்கள் வீட்டு மோட்டார் சில நிமிடங்களில் இறைத்துவிடும் அளவுதான் அது. அக்கா நிம்மதியாக இருக்கலாம்.

குழாயைப் பார்த்ததும் சுரங்கம் என்று முடிவு கட்டவும் வேண்டாம். எந்தச் சுரங்கமும் இல்லாத ஊர்களிலும் மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநில அரசும் நாடெங்கும் இப்படிக் கிணறுகளை வைத்து அளந்துகொண்டிருக்கின்றன. வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது.

கடற்கரையில் மட்டும் ஏன் இவ்வளவு கவனம்?

தோவாளையிலோ குலசேகரத்திலோ கிணற்று நீர் ஒரு மீட்டர் இறங்கினால் கயிற்றை ஒரு மீட்டர் நீட்டிக்கொள்ளலாம். மழை வந்தால் திரும்ப ஏறும். மிடாலத்தில் ஒரு மீட்டர் இறங்கினால் கதை வேறு.

கடலோர மணலுக்குள் மழைநீர் இறங்கித் தங்குகிறது. அதற்கு அடியிலும் கடல் பக்கத்திலும் உப்புநீர் இருக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புத் தண்ணீர் எடை கூடுதல், அதனால் ஒன்றன்மேல் ஒன்று மிதக்கிறது. கடல்நீரின் அடர்த்தி நல்ல நீரைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம்தான் அதிகம். அந்தச் சின்ன வித்தியாசத்தால் ஒரு விசித்திரமான கணக்கு பிறக்கிறது: கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நல்ல நீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல நீர் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கைபன் என்பவரும், 1901-இல் ஹெர்ஸ்பெர்க் என்பவரும் தனித்தனியாகக் கண்ட விதி இது.

இதைத் தலைகீழாகப் படித்துப் பாருங்கள். மேலே அரை மீட்டர் இறங்கினால் அடியில் உப்பு 20 மீட்டர் மேலேறும். உடனே அல்ல, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல. இடையில் கரும்பாறை வந்துவிடுகிற இடத்தில் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் திசை அதுதான். உங்கள் கிணற்றின் கைப்பிடிச் சுவர் கடல்மட்டத்திலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சுவரிலிருந்து 9.20 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் கிடக்கிறது என்றால், கடலுக்கு மேலே உங்களிடம் இருப்பது 80 சென்டிமீட்டர். அந்த 80 சென்டிமீட்டர்தான் அடியிலுள்ள உப்பை அழுத்தி வைத்திருக்கிறது. கிணறு நிறையத் தண்ணீர் தெரிகிறதே என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் இந்தக் கணக்கு கண்ணில் படாது.

உப்பு எவ்வளவு கலந்தால் தண்ணீர் கெடும்? கடல்நீரில் லிட்டருக்கு 19,000 மில்லிகிராம் அளவுக்குக் குளோரைடு இருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் ஏற்கத்தக்க அளவு 250. நூறு வாளி நல்ல தண்ணீரில் இரண்டு வாளி கடல் தண்ணீரை ஊற்றினால் அந்த வரம்பு தாண்டிவிடும். குளச்சல், கொட்டில்பாடு பக்கத்து ஆட்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் போனதை அவர்கள் மறக்கவில்லை. அன்று கடல் மேல்வழியாக வந்தது. இங்கே நாம் பேசுவது கீழ்வழியாக வருவதைப் பற்றி. அதற்குச் சத்தம் கிடையாது.

மணல் எடுப்பது இதில் எங்கே வருகிறது? மண்வாரி இயந்திரம் கொண்டு மேலிருந்து தோண்டும் முறை ஒன்று. குளம் போல வெட்டி, அதில் மிதக்கும் இயந்திரத்தால் மணலையும் நீரையும் சேர்த்து உறிஞ்சும் முறை இன்னொன்று. தாதுவைப் பிரித்துக் கழுவவும் நிறையத் தண்ணீர் வேண்டும். தாது போக மிச்ச மணலைத் திரும்ப அதே குழியில் கொட்டிச் சமப்படுத்துவோம் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. கொட்டுவதும் உண்மைதான். ஆனால் காற்றும் கடலும் பல நூறு ஆண்டுகளாகப் படியவைத்த அடுக்கும், லாரி கொண்டு கொட்டிய மணலும் தண்ணீருக்கு ஒன்றல்ல. நுண்ணிய களிமண் ஓரிடத்தில் படிந்தால் மழை இறங்காது, வேறோரிடத்தில் நீர் சட்டென்று ஓடிவிடும். இதனால் பாதிப்பு வருமா, வந்தால் எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். அளந்து பார்க்காமல் "ஒன்றும் ஆகாது" என்பதும் "எல்லாம் போச்சு" என்பதும் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்கின்றன.

"முன்பு" என்பதைப் பிறகு அளக்க முடியாது

கண்காணிப்புக் கிணற்றைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும். தோண்டிய பிறகு நட்ட குழாய்க்குப் பாதி மதிப்புகூட இல்லை. தண்ணீர் உப்பாகிவிட்டது என்று நீங்கள் சொல்வீர்கள், அது முன்பே அப்படித்தான் இருந்தது என்று எதிர்த்தரப்பு சொல்லும். இரண்டில் எது உண்மை என்று காட்டப் பழைய அளவு வேண்டும். அது இல்லாவிட்டால் நீதிமன்றமும் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, எத்தனை நாள் முன்பு? சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது மழையில்லாத ஒரு பருவத்தின் அளவுகள். மார்ச் முதல் மே வரை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை என்று மூன்று பருவங்களைச் சொல்லி, அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது சுரங்கங்களுக்கான பொது வரையறை. அதில் அக்டோபர்-டிசம்பருக்குப் பெயர் "மழைக்குப் பிந்தைய பருவம்". ஐப்பசியில் குடையில்லாமல் மார்த்தாண்டம் சந்தைக்குப் போய்ப் பாருங்கள், அது எந்தப் பருவம் என்று தெரியும். டெல்லிக்குச் சரியான காலண்டர் நமக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. இடவப்பாதி என்று நாம் சொல்லும் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. நம் கிணறு வருடத்தில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். மூன்று மாத அளவை வைத்துக்கொண்டு இதன் இயல்பு இது என்று எழுதினால், அடுத்து வரும் எந்த மாற்றத்தையும் பருவத்தின் மேல் போட்டுவிடலாம். குறைந்தது ஒரு முழு ஆண்டாவது வேண்டும். மழை பொய்த்த ஆண்டும் நல்ல மழை பெய்த ஆண்டும் சேர்ந்து இருந்தால் இன்னும் நல்லது.

பாட்டாவின் கேள்விக்கு இங்கேதான் திரும்ப வருகிறேன். குழாய் நட்டால் சுரங்கம் வந்துவிடும் என்று குழாயையே தடுத்தால், சுரங்கம் எப்படியும் வந்துவிட்டால் நம் கையில் "முன்பு" இருக்காது. அதற்காக யார் வந்து கேட்டாலும் விளையைத் திறந்துவிட வேண்டும் என்றும் இல்லை. உங்கள் நிலத்தில் குழாய் போட உங்கள் சம்மதம் வேண்டும். நீட்டுகிற தாளைப் படியுங்கள். தண்ணீர் அளக்க மட்டுமே அனுமதி, மணல் எடுக்கச் சம்மதம் என்று இதற்குப் பொருளில்லை, அளவுகளின் நகல் நிலத்துக்காரருக்குத் தர வேண்டும் என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் நீங்களும் கையெழுத்தை மறுக்கலாம்.

எங்கே, எந்த ஆழத்தில்

கிணறு இருக்கிறது என்பது மட்டும் போதாது. மேட்டுப் பக்கம், அதாவது நீர் வருகிற திசையில், சுரங்கத்துக்கு வெகுதூரத்தில் நட்ட குழாய் எப்போதும் நல்ல செய்திதான் சொல்லும். நீர் போகிற திசையிலும், சுரங்கத்துக்கும் ஊர்க் கிணறுகளுக்கும் இடையிலும் குழாய்கள் வேண்டும். மேட்டுப் பக்கக் குழாயும் தேவைதான், ஒப்பிட்டுப் பார்க்க. நீர் எந்தத் திசையில் போகிறது என்பதைக் கண்டுபிடிக்க, ஒரே வரிசையில் இல்லாத மூன்று கிணறுகளாவது வேண்டும். மூன்றிலும் நீர்மட்டத்தைக் கடல்மட்டத்தோடு ஒப்பிட்டு அளந்தால் சரிவு தெரிந்துவிடும். கடல்மட்டக் கணக்கு இல்லாமல் "தரையிலிருந்து இத்தனை மீட்டர்" என்று மட்டும் எழுதியிருக்கும் அறிக்கையில் பாதி விஷயம் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஆழம் இதைவிட நுணுக்கமானது. உப்பு அடியிலிருந்துதான் ஏறும். 8 மீட்டர் குழாய் "எல்லாம் நலம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே 25 மீட்டரில் உப்பு வந்து நிற்கலாம். ஆகவே ஒரே இடத்தில் வெவ்வேறு ஆழங்களில் இரண்டு மூன்று குழாய்களை அருகருகே நடுவார்கள். ஒற்றைக் குழாயைக் கண்டால் எத்தனை மீட்டர், கீறல் எந்த ஆழத்திலிருந்து எந்த ஆழம் வரை என்று கேளுங்கள். கேட்டவுடன் பதில் வந்தால் வந்திருப்பவர் வேலை தெரிந்தவர்.

இன்னொன்று, சராசரி. பத்துக் கிணறுகளில் ஒன்பது நன்றாக இருந்து ஒன்று உப்பானால் சராசரி அழகாகத்தான் இருக்கும். அந்த ஒன்று யார் வீட்டுக் கிணறோ அவர்களுக்குச் சராசரியைக் குடிக்க முடியாது.

கல்குவாரிகள் உள்ள கல்குளம், விளவங்கோடு மலைப்பகுதி ஆட்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே நீர் பாறையின் வெடிப்புகள் வழியாகத்தான் ஓடும். குவாரிக்குப் பக்கத்துக் கிணறு வற்றாமல் தூரத்துக் கிணறு வற்றக்கூடும். மணலுக்கான கணக்கை அப்படியே பாறைக்குக் கொண்டுபோகக் கூடாது.

கதிர்வீச்சு தண்ணீரில் வருமா?

இந்தக் கேள்வி எல்லாக் கூட்டத்திலும் எழும். நம் கரையின் மணலிலேயே இயற்கையாகக் கதிர்வீச்சு உண்டு, மோனசைட்டில் உள்ள தோரியம்தான் பெரும்பாலும் காரணம். தோரியம் தண்ணீரில் மிக மிகக் குறைவாகவே கரையும். அதிலிருந்து பிறக்கும் ரேடியம் அதைவிடச் சற்றுக் கரையக்கூடியது. யுரேனியமும் சில இடங்களில் நீரில் கரைந்து வரும். குடிநீரில் யுரேனியத்துக்கு இந்தியத் தரம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.03 மில்லிகிராம். ஆகவே கண்காணிப்புக் கிணற்று நீரில் உப்பு, கடினத்தன்மை, இரும்பு என்று வழக்கமானவற்றைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. மொத்த ஆல்ஃபா, மொத்த பீட்டா (நீரிலிருந்து வரும் இரு வகைக் கதிர்வீச்சின் மொத்த அளவுகள்), யுரேனியம், ரேடியம் ஆகியவற்றையும் தொடங்கும் முன்பே பார்க்கச் சொல்ல வேண்டும். இயற்கையாகவே கொஞ்சம் இருக்கிற ஊர் என்பதால் இங்கே "முன்பு" இரட்டிப்பு முக்கியம். இல்லாவிட்டால் இயற்கையின் கணக்கு நிறுவனத்தின் தலையிலும், நிறுவனத்தின் கணக்கு இயற்கையின் தலையிலும் மாறி மாறி விழும்.

கணக்கு யார் கையில்?

பெரும்பாலும் நிறுவனமே ஆள் வைத்து அளக்கிறது, நிறுவனமே ஆய்வகத்துக்குப் பணம் கட்டுகிறது, நிறுவனமே அறிக்கை எழுதுகிறது. மக்களுக்கு உறுத்துவது குழாயைவிட இதுதான். கேட்க வழி இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, அனுமதி பெற்ற திட்டம் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம், யாரும் கேட்கலாம். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு. கேட்கும்போது "நிலத்தடி நீர் அறிக்கை" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காமல், ஒவ்வொரு கிணற்றின் எண், இருப்பிடம், ஆழம், தேதிவாரியான நீர்மட்டம், ஆய்வக முடிவின் நகல் என்று பிரித்துக் கேளுங்கள். மொத்தமாகக் கேட்டால் சராசரிதான் வந்து சேரும்.

சுரங்க அனுமதிகளில் வழக்கமாக வரும் நிபந்தனை ஒன்று, இருக்கிற கிணறுகளையும் கண்காணிப்பில் சேர்க்கச் சொல்கிறது. அதாவது உங்கள் வீட்டு உறைக்கிணறும் கண்காணிப்புக் கிணறு ஆகலாம். அதை யாரும் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை.

கைப்பிடிச் சுவரில் ஓரிடத்தில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள், எப்போதும் அங்கிருந்துதான் அளக்க வேண்டும். நீளமான அளவு நாடாவின் நுனியில் ஒரு இரும்பு நட்டைக் கட்டுங்கள். கடைசி ஒரு மீட்டருக்குச் சாக்பீஸைத் தேய்த்து இறக்குங்கள். நாடாவின் 9 மீட்டர் குறி சுவர்க் கோட்டில் நிற்கும்போது அடியில் 35 சென்டிமீட்டர் சாக்பீஸ் நனைந்திருந்தால், தண்ணீர் 8.65 மீட்டரில் இருக்கிறது. அதிகாலையில், மோட்டார் போடும் முன்பு அளக்க வேண்டும். கடலுக்கு மிக அருகில் என்றால் ஓதம் ஏறி இறங்குவதோடு கிணற்று நீரும் கொஞ்சம் அசையும், அதனால் நேரத்தையும் எழுத வேண்டும். நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். பேனாவை ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்து அந்த எண்ணையும் குறியுங்கள். பேனா தவறக்கூடும், ஆகவே வருடத்துக்கு இரண்டு முறை குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்து, ரசீதோடு சேர்த்து அந்த நோட்டிலேயே ஒட்டி வையுங்கள்.

ஒரு வீட்டு நோட்டை எதிர்த்தரப்பு எளிதாகத் தள்ளிவிடும். ஒரே தெருவில் பதினைந்து வீடுகள், மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, ஒரே மாதிரி நாடாவால் அளந்து, ஒருவர் நோட்டில் மற்றொருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தால் தள்ளுவது கஷ்டம். ஊர் நூலகத்திலோ கோயில், சர்ச் அலுவலகத்திலோ ஒரு நகல் இருக்கட்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் பெரியவர்களைவிடச் சரியாகச் செய்வார்கள், எனக்குத் தெரிந்தவரை நாடா இறக்குவதற்குச் சண்டையும் போடுவார்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதினால் போதும்: கிணறு யாருடையது, கடலிலிருந்து ஏறக்குறைய எவ்வளவு தூரம், கோடு போட்ட தேதி. அடுத்த பக்கத்தில் முதல் அளவு. இடவப்பாதி தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு, கிணறு அடியோடு கிடக்கும் நாள், அதற்கு நல்ல நாள்.